அம்மாவுக்கு வைத்திருந்த இடம்

அப்பாவின் குழியில் ஏற்கெனவே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று எபி கல்லறைத் தோட்டத்திலிருந்து போன் செய்தபோது, கெசியா அம்மாவின் வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முந்தானை ஓரத்தில் ஒரு சுருக்கம் போக மாட்டேன் என்று அடம் பிடித்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அதன் மேலேயே பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தவளுக்குத் தம்பி சொன்னது முதல் தடவை மண்டையில் ஏறவில்லை.

"யாரோன்னா யாருடா?"

"யாரோ ஒரு அம்மாவாம். நாலு வருஷம் முன்னாடி நம்ம அம்மா சொல்லித்தான் தொறந்து வெச்சிருக்காங்கன்னு தசரதன் சொல்றாரு. பத்து வருஷம் ஆகாம மறுபடி தொறக்க மாட்டாங்களாம்க்கா."

தசரதன் அந்தத் தோட்டத்தில் முப்பது வருடமாகக் குழி வெட்டுகிறவர். யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பதில் அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. புதுக்குழி வெட்ட அங்கே ஒரு சாண் நிலம்கூட இல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அதனால் குடும்பத்துக்கு ஒரு குழி என்பது சபையின் ஏற்பாடு. முதலில் போகிறவரை ஆழத்தில் வைப்பார்கள். அடுத்து வருகிறவருக்கு மேலே இடம் விட்டு மூடுவார்கள். ஒரு தடவை திறந்து மூடினால் பத்து வருடத்துக்குக் கை வைக்கக் கூடாது. அப்பா காலேப் போய் இருபத்திரண்டு வருடம். கீழே அவர், மேலே அம்மா. இதில் குழம்புவதற்கு எதுவும் இருப்பதாக அன்று காலை எட்டு மணி வரை கெசியாவுக்குத் தோன்றியதே இல்லை.

அதிலும் அந்த இடம் அப்பா கேட்டு வாங்கிய இடம். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த மனுஷன், கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "வீட்ல ஒரு நாள் முழுசா இருந்ததில்ல நீ. அங்கயாவது எங்கூட இரு." அம்மா சிரித்துக்கொண்டே சரி என்றாள். கையில் டிபன் கேரியருடன் பக்கத்தில் நின்ற கெசியாதான் அதற்குச் சாட்சி.

அந்தச் சரியைத்தான் அம்மா யாருக்கோ தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா ஒன்றும் தெரியாதவள் போலப் படுத்திருந்தாள். எண்பத்து நான்கு வயது. நேற்று நாலு மணிக்கு டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தாள், நிமிரவில்லை. படுத்துக் கிடக்கவில்லை, யாரையும் தொந்தரவு செய்யவில்லை. வந்தவர்கள் எல்லாம் நல்ல சாவு என்று சொன்னார்கள். டீச்சர் மாதிரி ஒருத்தர் இனி பிறந்து வர வேண்டும் என்றார்கள். கெசியா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். போன் வந்த பிறகு தலையாட்டுவதை நிறுத்திவிட்டாள்.

தபீதாள் டீச்சர் என்றால் சிட்லபாக்கம் ஏரிக்கரையிலிருந்து சேலையூர் கேம்ப் ரோடு வரைக்கும் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றது பேருக்குத்தான். வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு வாளி நிறைய முட்டை அவித்துத் தூக்கிக்கொண்டு சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள்; காசநோய்க்காரர்களுக்கு முட்டை நல்லது. தெருவிளக்கு எரியாவிட்டால் மனு. ஏரியில் சாக்கடை விட்டால் மனு. பஸ் நிற்காமல் போனால் அதற்கும் ஒரு மனு. வட்ட வட்டமான டீச்சர் கையெழுத்தில் எழுதி, தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி, தானே கொண்டுபோய்க் கொடுப்பாள். அதிகாரிகளே அவள் வருவதைப் பார்த்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார்களாம். சபையில் எந்த வீட்டில் சாவு, எந்த வீட்டில் பிரசவம் என்பதெல்லாம் ஆயருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஊருக்கு அவள் தாய். சரி. வீட்டில் கேட்டால் வேறு கதை.

கெசியாவின் கல்யாணச் சேலையைக் கெசியாவுக்குப் பிறகு பதினோரு பெண்கள் கட்டினார்கள். வெள்ளைப் பட்டு வாங்க முடியாத வீட்டுப் பெண் யாராவது இருந்தால் அம்மா பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஏழாவது கல்யாணத்தில் மெழுகுவர்த்தி பட்டு ஒரு பொட்டு ஓட்டை விழுந்தது. எட்டாவது பெண் அதைக் கொசுவத்துக்குள் மறைத்துக் கட்டினாள். முதல் பிரசவத்துக்குக் கெசியா ஆஸ்பத்திரியில் துடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கூடவே இருந்தாள்தான், ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஆள் இல்லையாம். அபிகாயில் பிறந்து, அழுது, குளிப்பாட்டித் துணியில் சுற்றி எடுத்து வந்த பிறகுதான் அம்மா இந்தப் பக்கம் திரும்பினாள். "உனக்குத்தான் உன் வீட்டுக்காரர் இருக்காரே," என்றாள். அதை முப்பது வருடமாகக் கெசியா மறக்கவில்லை. சிரித்துக்கொண்டே பலரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் உள்ளே ஓர் இடத்தில் குத்தும்.

எபி பத்து மணிக்கு வந்தான். திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறவன். எதையும் அளந்து பார்த்துப் பேசுகிற சுபாவம். அக்காவை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். ஆபீஸில் பழைய பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஆயர் எடுத்துக்கொண்டு வருவார் என்றான். வண்டலூரைத் தாண்டி உள்ளே சபை புது நிலம் வாங்கிப் போட்டிருக்கிறது. வேண்டுமானால் அங்கே அடக்கம் செய்யலாம் என்கிறார்களாம். மணி ஒன்றுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

"அங்க பஸ்ஸே போகாதேடா," என்றாள் கெசியா.

"அப்பா பாவம்க்கா. மேல யார் இருக்காங்கன்னே தெரியாம படுத்துக் கெடக்காரு," என்றான். வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்று அவளுக்குக் கோபம்தான் வந்தது. யாரோ ஒரு பெண்ணைக் கொண்டுபோய் அப்பாவின் தலைமேல் வைத்துவிட்டு, பெற்ற பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நாலு வருடம் அதே வீட்டில், அதே மேஜையில் உட்கார்ந்து அம்மா சாப்பிட்டிருக்கிறாள். கேட்டால் கொடுத்திருக்க மாட்டோமா? அவளுக்கே தெரிந்தது, கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள்.

அப்பாவுக்கு எதுவும் மிஞ்சவில்லை, எனக்கும் எதுவும் மிஞ்சவில்லை என்று அவள் நினைத்தாள். உயிரோடு இருந்தவரை அம்மாவை ஊரோடு பங்கு போட்டுக்கொண்டதுதான் மிச்சம். இனிமேலாவது போய் உட்கார்ந்தால் அப்பாவும் அம்மாவும் ஒரே இடத்தில் இருப்பார்கள், வேறு யாரும் குறுக்கே வர மாட்டார்கள் என்று நினைத்திருந்தாள். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அது பெரிய ஆசையா என்ன?

ஆயர் பதினொன்றரைக்கு வந்தார். இளவயதுக்காரர், போன மே மாதம்தான் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்திருக்கிறார். அம்மாவின் அருகில் நின்று ஜெபம் செய்துவிட்டு, கெசியாவையும் எபியையும் உள் அறைக்கு அழைத்தார். அக்குளில் ஒரு பழைய கோப்பு. தனக்கும் இன்று காலைதான் இது தெரியும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு ஒரு தாளை உருவிக் கொடுத்தார்.

வட்ட வட்டமான எழுத்து.

'ஐயா, என் கணவர் காலேப் அவர்களின் கல்லறையில் எனக்கென்று உள்ள இடத்தை நம் சபையைச் சேர்ந்த அம்மணி அவர்களுக்கு மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன். அவருக்கு வேறு இடம் இல்லை. என் பிள்ளைகள் இருவருக்கும் இதில் சம்மதம்.'

கீழே தபீதாள் காலேப் என்று அம்மாவின் கையெழுத்து. அதற்குக் கீழே இரண்டு கையெழுத்துகள். ஒன்று எபியுடையது, கிறுக்கல். இன்னொன்று, கடைசி எழுத்தின் வால் நீண்டு அடியில் ஒரு கோடாக ஓடுகிற கையெழுத்து, கெசியாவுடையது.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்புறம் ஒன்றும் இல்லை. மறுபடி முன்புறம் திருப்பினாள். கையெழுத்து அங்கேயே இருந்தது.

எபி தலையைச் சொறிந்தான். தெருவிளக்கு மனு என்று நினைத்துப் போட்டிருப்பேன் என்றான். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ஹெல்மெட்டோடு நிற்கிறபோதுதான் அம்மா எப்போதும் மனு வைத்த அட்டையை நீட்டுவாள். அவன் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக் கிறுக்கிவிட்டுப் போய்விடுவான். அந்த வீட்டில் அம்மாவின் மனுவைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் கிடையாது. அப்பா மட்டும் படிப்பார், எழுத்துப்பிழை தேடுவதற்காக.

கெசியாவுக்குத் தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அபிகாயிலின் பிரசவத்துக்காக ஓசூருக்குக் கிளம்பிய நாள். வாசலில் டாக்சி. டிக்கியில் பத்திய மருந்துச் சாமானெல்லாம் ஏற்றியாகிவிட்டது. அம்மா அட்டையோடு வந்து நின்றாள். "படிச்சுப் பாத்துட்டுப் போடு கெசியா," என்றாள். அப்படி அவள் எப்போதும் சொல்வதில்லை, அன்று சொன்னாள். கெசியா பேனாவை வாங்கிக்கொண்டே, "நீங்க எழுதினா சரியாத்தாம்மா இருக்கும், நேரமாகுது," என்றாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான்.

ஆயர் போன பிறகும் அவள் அந்த அறையிலேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கோபப்படவும் இனி ஆள் இல்லை. தன் கையெழுத்தின் மேல் எப்படிக் கோபப்படுவது?

ஹெப்சி டீ கொண்டுவந்தாள். பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் செயலாளர். கெசியாவை விட நாலைந்து வயது மூத்தவள். காலையிலிருந்து வருகிறவர்களுக்கு டீ, பூ, பாட்டுப் புத்தகம் என்று ஓடிக்கொண்டிருந்தாள். கெசியா தாளைக் காட்டியதும் அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தீங்களே. உங்க பெருந்தன்மையப் பத்தி நாங்க சங்கத்துல பேசிக்கிட்டோமே, கெசியா."

கெசியாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டீயைப் பார்த்தாள்.

அம்மணியை அவளுக்குத் தெரியும். சித்தாள் வேலை பார்த்தவள். சானடோரியத்தில் முட்டை கொடுக்கப் போன இடத்தில் அம்மா பிடித்துக்கொண்டு வந்தவள். நோய் குணமாகி, ஞானஸ்நானம் வாங்கி, கோயில் வளாகத்திலேயே ஓர் அறையில் தங்கி, பெருக்கி மெழுகிக்கொண்டு இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்து அம்மாவோடு டீ குடிப்பாள். உள்ளே வா என்றால் வர மாட்டாள். ஐம்பது வயதுக் கெசியாவை, "இன்னா பாப்பா, மூட்டுவலி தேவலயா?" என்று கேட்பாள். ஓசூரிலிருந்து மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, அம்மணி போய்விட்டாள், நல்லபடியாக அடக்கம் செய்தோம் என்று அம்மா சொன்னாள். எங்கே என்று கெசியா கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

மிச்சத்தை ஹெப்சி சொன்னாள். அம்மணிக்கு நுரையீரல் மறுபடி கெட்டுப்போய்ப் படுக்கையில் விழுந்தபோது, அவளுடைய அண்ணன்மார் வந்து பார்த்தார்களாம். வேதத்துக்கு மாறியவளை ஊரில் எடுத்துப் போட மாட்டோம் என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்களாம். சபையிலோ குடும்பக் குழி இல்லாதவர்களுக்கு இடம் இல்லை. வண்டலூர் நிலம் அப்போது வாங்கப்படவில்லை. அதற்கப்புறம் அம்மணிக்குத் தூக்கமே இல்லை. சாவுக்கு அவள் பயப்படவில்லை. செத்த பிறகு எங்கே என்பதற்குத்தான் பயந்தாள். வருகிறவர்கள் போகிறவர்கள் கையையெல்லாம் பிடித்துக்கொண்டு, "என்னிய எங்கம்மா போடுவீங்க, எங்க போடுவீங்க," என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

"டீச்சர் இந்த லெட்டரக் கொண்டாந்து அவ பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டினாங்க. நானும் இருந்தேன். அதக் கேட்டுட்டு அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கினா. ரெண்டு நாள்ல போயிட்டா."

கெசியா மெதுவாகக் கேட்டாள். "எங்க அப்பாவுக்குக் குடுத்த வாக்கு? அத நெனச்சே பாக்கலியா அவங்க?"

"நான் கேட்டேன் கெசியா. அப்ப நீங்க எங்க போவீங்கன்னு கேட்டேன்." ஹெப்சி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அம்மணிக்கு ஆள் இல்ல. எனக்கு ஆள் இருக்காங்க, அவங்க பாத்துப்பாங்கன்னாங்க. காலேப் கோவிச்சுப்பாரு, ஆனா நான் செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டாருன்னாங்க."

பிரசவ ஆஸ்பத்திரியில் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இப்போது கேட்கும்போது குத்தவில்லை. கெசியாவுக்கு அழுகை வந்தது. அம்மா இறந்ததிலிருந்து அதுவரை அவள் அழவே இல்லை. வந்தவர்களைக் கவனிக்கவும், பெட்டிக்குச் சொல்லவும், வண்டிக்குச் சொல்லவும்தான் நேரம் சரியாக இருந்தது. இப்போது சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, ஹெப்சியின் தோளில் முகத்தைப் புதைத்து, தோள் நனைகிற அளவுக்கு அழுதாள். டீ ஆடை கட்டிப் போயிற்று.

விஷயம் அதற்குள் ஹாலுக்குப் போய்விட்டது. சாவு வீட்டில் எதுதான் கதவுக்குள் நிற்கிறது? முதலில் எழுந்து வந்தவர் லாசரஸ். அப்பாவின் சிநேகிதர், ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதைத் தாண்டியும் சட்டையை இன் பண்ணாமல் வெளியே வர மாட்டார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் மனைவியின் குழியில் மேலே இடம் இருக்கிறது, டீச்சரை அங்கே வைத்துவிடலாம் என்றார். சொல்லும்போது குரல் உறுதியாகத்தான் இருந்தது. கை மட்டும் எதையோ தேடிச் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது.

"அது உங்க இடம் அங்கிள்."

"எனக்கு எங்க போட்டா என்னம்மா."

கெசியா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்காக இன்னொரு ஆள் தன் ஜோடியை விட்டுத் தள்ளிப் படுக்க வேண்டாம் என்று சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் காலையிலிருந்து தன்னைக் குடைந்ததும் அதேதான் என்று அவளுக்கு உறைத்தது. லாசரஸ் அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். வாசலில் அவர் கொஞ்சம் நிம்மதியாக நடந்த மாதிரி இருந்தது. அதை அவள் தப்பாக நினைக்கவில்லை.

ஹெப்சி தொண்டையைக் கனைத்தாள். தன்னிடமும் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் சொல்லலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிப்பதாகச் சொன்னாள். மாமனார் நாகர்கோவிலுக்குப் போன இடத்தில் தவறி, அங்கேயே அடக்கமாகிவிட்டார். அதனால் மாமியாரின் குழியில் மேலிடம் காலி, மாமியார் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அதுவும் உங்கள் அப்பாவின் குழிக்கு அடுத்த வரிசைதான், ஆறு எட்டு வைத்தால் போய்விடலாம் என்றாள்.

"சலோமி ஆன்ட்டிக்கு மேலயா?" என்றான் கதவோரம் நின்ற எபி.

சலோமி சங்கத்துக்குத் தலைவியாகவும் அம்மா செயலாளராகவும் இருந்த பதினெட்டு வருடத்தில், இருவரும் ஒரு கூட்டத்தையாவது முகம் சுளிக்காமல் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. சலோமி பாட்டை உச்சத்தில் எடுப்பாள். இரண்டாவது சரணத்தில் அம்மா அதைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவாள். பெண்களில் பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே என்று கோயிலே திண்டாடும். அசன விருந்தில் சோறு குழைந்தால் இவள் அவளைச் சொல்வாள், அவள் இவளைச் சொல்வாள். ஆனால் சலோமி கடைசியில் படுத்தபோது ஐந்து மாதம் தினமும் போய்த் தலை வாரிவிட்டதும் அம்மாதான். அப்போதும் சண்டை போட்டுக்கொண்டேதான் வாரினாளாம்.

"எங்க அத்த எந்திரிச்சு உக்காந்துடுவாங்க," என்றாள் ஹெப்சி.

கெசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எபிக்கும். மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீரோடு, ஹாலில் கேட்கக் கூடாதே என்று குலுங்கினார்கள். சாவு வீட்டில் இப்படிச் சிரிப்பது முறையில்லைதான். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தால் என்னத்துக்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டு அவளும் வந்து உட்கார்ந்திருப்பாள்.

"சரி, அங்கயே வைங்க," என்றாள் கெசியா.

ஹெப்சி தன் கணவருக்குப் போன் போட்டாள். அவர் அரை நிமிடத்தில் சம்மதித்து, கையெழுத்துப் போட நேரில் வந்தார். எபி ஒரு வெள்ளைத் தாளில் கடிதம் எழுதினான். ஹெப்சியும் அவள் கணவரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கெசியா அதை அவர்களுக்கு வரி விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

மூன்றரை மணிக்கு வண்டி கேம்ப் ரோட்டில் நுழைந்தபோது கடைக்காரர்கள் சிலர் வெளியே வந்து நின்றார்கள். கோயிலில் நிற்க இடமில்லை. ஓசூரிலிருந்து வந்து சேர்ந்த அபிகாயில் நாலு வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நர்சுகள், குப்பை வண்டி ஓட்டும் பெண்கள், வேட்டி கட்டிய ஒரு பெரியவர் என்று கெசியாவுக்குப் பேர் தெரியாத முகங்கள் நிறைய இருந்தன. சங்கத்துப் பெண்கள் வெள்ளைச் சேலையில் நின்று பாடினார்கள். பாட்டை உச்சத்தில் எடுக்கவும் ஆள் இல்லை, கீழே இறக்கவும் ஆள் இல்லை. சுருதி நடுவிலேயே சமத்தாகப் போயிற்று.

ஐந்தேகாலுக்கு அம்மாவை இறக்கினார்கள். கெசியா மண் அள்ளிப் போட்டாள். ஈர மண், பலகையின் மேல் பொத்தென்று விழுந்தது. பிறகு ஆளாளுக்குப் போட்டார்கள். கிளம்ப மனமில்லாமல் நின்றவர்களும் பஸ் நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள். எபி வண்டிக்காரரை அனுப்பப் போனான்.

அவள் எண்ணிக்கொண்டே நடந்தாள். ஹெப்சி சொன்னது சரி, ஆறு எட்டுத்தான்.

இங்கே கடைசியாக வந்தது எப்போது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. போன வருடத்தில் மட்டும் அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள், ஒரு நாள் உங்க அப்பாவப் பாத்துட்டு வரலாம் வா என்று. முதல் தடவை மூட்டுவலி. இரண்டாவது தடவை மழை. மூன்றாவது தடவைக்கு என்ன காரணம் சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தாள், வரவில்லை. அப்பாவின் கறுப்புக்கல் சுத்தமாகத் துடைத்திருந்தது. மேல்பாதியில் காலேப், பிறந்த தேதி, இறந்த தேதி. கீழ்ப்பாதி வழவழவென்று வெறுமையாக இருந்தது. அங்கே மேல்மண்ணில் யாரோ நட்டு வைத்த நித்தியகல்யாணி ஒன்று பூத்திருந்தது. யாரோ என்ன யாரோ, அம்மாதான்.

"அப்பா," என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டு, "அம்மணிக்கா," என்றாள். உயிரோடு இருந்தபோது அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

தசரதன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வந்தார். கால்சட்டைப் பையில் கை விட்டபடி பக்கத்தில் நின்றார்.

"பாதி சும்மா கீது பாருமா. டீச்சரம்மாகிட்ட அப்பவே கேட்டேன், அந்தம்மா பேர வெட்டிரலாமான்னு. இது புள்ளிங்களோட அப்பா கல்லு, அவுங்கள இட்டாந்து காமிச்சிட்டு அப்பால வெட்டிக்கலாம்னு சொல்லிக்கினே இருந்தாங்கோ."

கெசியா கல்லின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். வெயில் இறங்கியும் கல் சூடாக இருந்தது. தூரத்தில் தாம்பரம் பக்கம் ஒரு மின்சார ரயில் போகிற சத்தம் கேட்டது. அது அடங்கும் வரைக்கும் அவர் காத்திருந்தார்.

"வெட்டிடுங்க," என்றாள். "அம்மணின்னு வெட்டுங்க."

அவர் பையிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்தார். வெட்டுகிற ஆள் நாளைக்கு வருவான், அளவுக்கு எழுதி வைத்தால் போதும் என்றார். குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் கல்லை ஒருமுறை துடைத்தார்.

"செத்த தேதி நம்ம நோட்ல கீது. பொறந்த வருசம் இன்னா போடறதுமா?"

"எனக்குத் தெரியல. அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்," என்றாள் கெசியா.

தசரதன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெயரை மெதுவாக எழுதி முடித்தார். அதற்குக் கீழே, ஒரு வருடம் எழுதுகிற அளவுக்கு இடம் விட்டு, சின்னதாக ஒரு கோடு போட்டார்.